வெளிப்புறம் திரும்பாத தோள்

பிறந்த குழந்தையின் ஒரு கை அசையாமல் கிடக்கிறது என்று தெரிந்ததும் தாய்க்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒன்றுதான்: பயப்படாதீங்கம்மா, மூணு மாசம் பொறுத்துப் பாருங்க, தானா சரியாயிடும். அந்தப் பேச்சில் பொய் இல்லை. இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கை தானாகவே தேறிவிடுகிறது. ஆனால் அந்த மூன்று மாதங்களில் குழந்தையின் தோளை யார் பார்ப்பது, எதை அளப்பது, எது குறைந்தால் எங்கே அனுப்புவது என்பதைச் சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு. பிரசவத்தில் கைநரம்பு அடிபட்ட குழந்தைகளுக்கு அறுவைசிகிச்சை செய்யும் எங்களிடம் வந்து சேர்கிறவர்களில், நரம்பு ஓரளவு தேறியும் தோள்மூட்டு கெட்டுப்போன குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நரம்பு தேறுவதற்கு ஒரு காலக்கணக்கு உண்டு. தோள்மூட்டு கெடுவதற்கு வேறொரு காலக்கணக்கு உண்டு. முதல் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு குழந்தையைக் காத்திருக்க வைப்பது தவறு என்பதே என் வாதம்.

கழுத்தின் பக்கவாட்டில், தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் வெளியே வருகின்றன. கழுத்துப் பகுதியின் ஐந்து, ஆறு, ஏழு, எட்டாம் வேர்களும் நெஞ்சுப் பகுதியின் முதல் வேரும் பின்னிப் பிரிந்து, காறை எலும்புக்குக் கீழே நுழைந்து கைக்கு இறங்குகின்றன. பிரேக்கியல் பிளெக்சஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் பின்னல் இதுதான். பிரசவத்தில் தலை வெளியே வந்தபின் தோள் தாயின் இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டால், தலைக்கும் தோளுக்கும் இடையிலான தூரம் இழுபடுகிறது. அந்த இழுப்பு முதலில் மேல் வேர்களில்தான் விழும். ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று என்ற அளவில் இது நேர்கிறது. நாட்டுக்கு நாடு அந்த எண் சற்று ஏறி இறங்குகிறது. எடை கூடிய குழந்தை, தாய்க்குச் சர்க்கரை, வேக்குவம் அல்லது ஆயுதம் வைத்து எடுத்த பிரசவம் ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன. ஆனால் இவை எதுவுமே இல்லாத பிரசவத்திலும் இது வருகிறது, சிசேரியனில்கூட அரிதாக வருகிறது. பிரசவம் பார்த்தவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவதில் பல குடும்பங்களின் முதல் மாதம் கழிந்துவிடுகிறது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் குழந்தைக்கு அந்த மாதம் வேறொரு வேலைக்குத் தேவைப்படுகிறது.

ஐந்தாம், ஆறாம் வேர்கள் மட்டும் அடிபட்டால் தோளைத் தூக்கும் தசையும், தோளை வெளிப்புறம் திருப்பும் தசைகளும், முழங்கையை மடக்கும் பைசெப்ஸும் செயலிழக்கும். கை உடலோடு ஒட்டி, உட்புறம் திரும்பி, முழங்கை நீண்டு தொங்கும். 1872இல் பிரான்ஸில் துஷேனும் 1874இல் ஜெர்மனியில் எர்பும் விவரித்த தோற்றம் இது. விரல்களுக்கான நரம்புகள் கீழ் வேர்களிலிருந்து வருவதால், இந்தக் குழந்தைகளின் பிடி நன்றாகவே இருக்கும். தாயின் விரலை இறுகப் பிடித்துக்கொள்ளும். நம் வீடுகளில் பலரை ஏமாற்றுவது இந்தப் பிடிதான். விரல் ஆடுகிறது, பிறகென்ன என்று நினைத்துவிடுகிறார்கள். ஐந்து வேர்களும் போய், கை முழுவதும் துவண்டு கிடக்கும் குழந்தையை யாரும் தாமதமாகக் கொண்டுவருவதில்லை. அதோடு அந்தப் பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தாழ்ந்து, கண்பாவை சுருங்கியிருந்தால், கீழ் வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கப்பட்டிருக்கிறது என்று நாங்கள் சந்தேகிக்கிறோம். அங்கே காத்திருப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. சிக்கல் நன்றாகப் பிடிக்கும் விரல்களோடு வரும் குழந்தையிடத்தில்தான்.

மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லியாக வேண்டும். இழுபட்ட நரம்பில் சில இழைகள் அதிர்ச்சியில் வேலை நிறுத்தியிருக்கும்; அவை சில வாரங்களில் எழுந்துவிடும். சில இழைகள் உள்ளே அறுந்திருந்தாலும் உறை இருக்கும்; அவை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்ற வேகத்தில் மீண்டும் வளர்ந்து தசையை அடையும். உறையும் கிழிந்திருந்தால், வளரும் இழைகள் வழிதெரியாமல் வடுவுக்குள் சுருண்டு ஒரு முடிச்சாகும். அதைத்தான் நியூரோமா என்கிறோம். இந்த மூன்றில் எது நடந்திருக்கிறது என்று முதல் வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. பாரிஸில் அலன் ஜில்பேரும் அவரோடு பணிசெய்த தாஸானும் தானாகத் தேறும் குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 1983இல் தாஸான் அளித்த ஆய்வேடு, மூன்றாம் மாதம் முடியும்போதும் பைசெப்ஸ் எழவில்லை என்றால் தோள் நல்ல நிலைக்கு வருவதில்லை என்று காட்டியது. உலகெங்கும் புழங்கும் மூன்று மாத விதியின் வேர் அங்கே இருக்கிறது. டொராண்டோ மருத்துவர்கள் 1994இல் அந்த விதியைச் சோதித்தார்கள். பைசெப்ஸை மட்டும் வைத்து மூன்றாம் மாதத்தில் முடிவு சொன்னால் 12.8 சதவீதக் குழந்தைகளில் கணிப்பு தவறுகிறது என்று கண்டார்கள். முழங்கை, மணிக்கட்டு, கட்டைவிரல், மற்ற விரல்கள் ஆகியவை நீள்வதையும் சேர்த்து மதிப்பெண் போட்டபோது தவறு 5.2 சதவீதமாகக் குறைந்தது. அவர்கள் ஒன்பதாம் மாதத்துக்கு இன்னொரு சோதனையையும் வைத்தார்கள். குழந்தையின் மேற்கையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுப்பார்கள். தலையை அதிகம் குனியாமல் அதை வாய்க்குக் கொண்டுபோக முடிந்தால் தேர்ச்சி. எளிமையான, அழகான சோதனை. ஆனால் இந்த எல்லாச் சோதனைகளிலும் விதி முழங்கையைச் சுற்றியே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தோள் வெளிப்புறம் எவ்வளவு திரும்புகிறது என்பது அவற்றில் இல்லை.

பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள் என்றால் எதற்கு இந்தப் பதற்றம் என்று குழந்தை மருத்துவர்களே கேட்பதுண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு முழுமையாகச் சரியாகிவிடும் என்ற கணக்கு பாடப்புத்தகங்களில் நெடுங்காலம் இருந்தது. 2004இல் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொண்டாக்கும் அவர் சகாக்களும் அந்தக் கணக்குக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். நம்பத்தக்க முறையில் எல்லாக் குழந்தைகளையும் போதிய காலம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்றுகூடத் தேறவில்லை. கிடைத்த தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 20 முதல் 30 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு குறை தங்கிவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். நான்கில் ஒன்று என்பது சின்ன எண் அல்ல. அதைவிட முக்கியமாக, முழுமையாகத் தேறும் குழந்தைகள் சீக்கிரமே தேறுகிறார்கள். முதல் ஒன்றிரண்டு மாதங்களிலேயே தோளும் முழங்கையும் அசையத் தொடங்கிவிடும். இரண்டாம் மாதம் தாண்டியும் முழங்கை மடங்காத குழந்தையை, "பெரும்பாலோர் தேறுகிறார்கள்" என்ற கணக்கில் இனியும் சேர்க்கக் கூடாது. அந்தப் பெரும்பாலோர் அதற்குள் போய்விட்டார்கள். இவள் மிஞ்சியவர்களில் ஒருத்தி.

இந்த அறுவைசிகிச்சை புதியதும் அல்ல. 1903இலேயே கிளாஸ்கோவில் ராபர்ட் கென்னடி, பிரசவத்தில் அடிபட்ட நரம்பைத் திறந்து வடுவை வெட்டித் தைத்ததை எழுதியிருக்கிறார். நியூயார்க்கில் டெய்லரும் இதைப் பலருக்குச் செய்தார். நுண்ணோக்கி இல்லாத காலம், குழந்தைகளுக்கான மயக்க மருந்து தேறாத காலம். 1925இல் பாஸ்டனின் சீவர் 1,100 குழந்தைகளைப் பற்றி எழுதி, நரம்பைத் தைத்ததால் பலன் எதுவும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு யாரும் நரம்பைத் தொடவில்லை. ஒரு தலைமுறையின் கருவிகளால் கிடைத்த முடிவு அடுத்த இரண்டு தலைமுறைக் குழந்தைகளையும் கட்டிப்போட்டது. எழுபதுகளின் இறுதியில் ஜில்பேர் நுண்ணோக்கியோடு மறுபடி தொடங்கியபோதுதான் கதவு திறந்தது. சீவரிடம் நான் மதிக்கும் ஒன்று உண்டு: நரம்பைக் கைவிட்ட அவர் தோளைக் கைவிடவில்லை. தோள்பட்டைக்கு முன்புறம் இறுகிக் கிடக்கும் சப்ஸ்கேபுலாரிஸ் தசையின் நாணை விடுவிக்கும் அறுவைசிகிச்சை இன்றும் அவர் பெயரால் நினைக்கப்படுகிறது.

நரம்பு அறுவைசிகிச்சையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் அருகில் வைத்துச் சொல்கிறேன். குழந்தைக்கு வயது மூன்றிலிருந்து ஒன்பது மாதம். கழுத்திலும் இரண்டு கால்களிலும் மருந்து பூசித் துணி விரிக்கிறோம். கால்கள் எதற்கு என்பது பிறகு வரும். தசையைத் தளர்த்தும் மருந்தைத் தொடர்ந்து கொடுக்க வேண்டாம் என்று மயக்க மருத்துவரிடம் முன்பே சொல்லியிருப்போம், ஏனென்றால் நரம்பை மின்தூண்டலால் தொட்டு எது துடிக்கிறது என்று பார்க்க வேண்டும். காறை எலும்புக்கு மேலே திறந்து, கொழுப்பை ஒதுக்கினால், கழுத்துத் தசையின் மேல் உதரவிதானத்துக்குப் போகும் மெல்லிய நரம்பு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஐந்தாம் வேர் கிடைக்கும். இரண்டு மேல் வேர்களும் சேரும் இடத்தில், மென்மையாகப் பளபளக்க வேண்டிய நரம்பு, விரலுக்குக் கட்டியாக, வெளிறி, சுற்றியுள்ள தசையோடு ஒட்டிக் கிடக்கும். அதுதான் நியூரோமா. அதை வெட்டி, வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் பார்த்து, வடு தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டி, ஆரோக்கியமான இழைக்கற்றைகள் தெரியும்வரை போகிறோம். இப்போது இரண்டு முனைகளுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி. அதை நிரப்பத்தான் கால்கள். கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் தொடுவுணர்ச்சி நரம்பை எடுத்து, துண்டுகளாக்கி, கட்டாக அடுக்கி, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நூலாலும் ஃபைப்ரின் பசையாலும் பொருத்துகிறோம். பாதத்தின் வெளிவிளிம்பில் சிறிது மரத்துப்போவதைத் தவிர காலுக்கு நட்டமில்லை. பிறகு மூன்று வாரம் தலையும் கையும் அசையாமல் கட்டு. முதல் அசைவு தெரிய ஆறு மாதமாவது ஆகும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு ஆண்டுகள். பெற்றோரிடம் இதை முன்பே சொல்லாவிட்டால், நாலாம் மாதமே அவர்கள் மனம் உடைந்துவிடுகிறார்கள்.

கொஞ்சமாவது மின்தூண்டலைக் கடத்தும் முடிச்சை வெட்டி எறியலாமா, இருப்பதையும் இழந்துவிட்டால் என்ன செய்வது? மிக நியாயமான கேள்வி, நாங்களும் ஒரு காலத்தில் பயந்ததுதான். முடிச்சைச் சுற்றியுள்ள வடுவை மட்டும் உரித்துவிட்டு நரம்பை அப்படியே விட்டுவிடும் வழியை அந்தப் பயத்தில்தான் பலர் பின்பற்றினார்கள். டொராண்டோ குழு இரண்டு வழியிலும் சிகிச்சை பெற்ற குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2009இல் முடிவை வெளியிட்டது: வடுவை உரித்ததால் நிலைத்த பலன் இல்லை, வெட்டி இணைத்தவர்களே முன்னேறினார்கள். வெட்டியதால் உடனே இழந்த அசைவும் பின்னால் திரும்பி வந்தது. அறுவைசிகிச்சையே செய்யாமல் விட்ட குழந்தைகளோடு குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வு உண்டா என்றால், இல்லை. மூன்று மாதத்தில் கை எழாத குழந்தையின் பெற்றோரிடம் நாணயம் சுண்டி முடிவு செய்யச் சம்மதம் கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. ஆகவே நம்மிடம் இருப்பது தொடர்கண்காணிப்புத் தரவுகளும் உடற்கூறு தரும் தர்க்கமும்தான். அந்த அளவுக்குத்தான் உறுதியாகப் பேசலாம், அதற்கு மேல் பேசக் கூடாது என்று நினைக்கிறேன்.

இதே நேர்மையோடு நரம்பு அறுவைசிகிச்சையின் எல்லையையும் சொல்ல வேண்டும், என் வாதத்தின் நடுத்தண்டு இங்கேதான் இருக்கிறது. தோளை வெளிப்புறம் திருப்பும் முக்கியத் தசையான இன்ஃப்ராஸ்பினேட்டஸுக்கு நரம்பு கொடுக்க, கழுத்தில் ஓடும் பதினோராம் மூளை நரம்பின் ஒரு கிளையை எடுத்து அதோடு இணைப்பது வழக்கம். தோளைக் குலுக்கும் மேல்கிளைகளை விட்டுவைத்து, கீழ்க்கிளையை மட்டும் எடுக்கிறோம். பார்வைக்குக் கச்சிதமான ஏற்பாடு. அறுவைசிகிச்சையில் அந்தத் தசைக்கு நரம்பு கொடுத்த 86 குழந்தைகளின் தோளை அளந்து லைடன் குழு 2005இல் வெளியிட்டது. வெளிப்புறம் 20 டிகிரிக்கு மேல் உண்மையாகத் திருப்ப முடிந்தவர்கள் 20 சதவீதம்தான். 41 சதவீதம் பேரால் வெளிப்புறம் திருப்பவே முடியவில்லை. அவர்களில் பலரும் கையை வாய்க்கும் தலைக்கும் கொண்டுபோனார்கள், ஆனால் தோள்பட்டையைச் சுழற்றியும் முழங்கையை மேலே தூக்கியும் ஈடுகட்டித்தான். மேல் வேர் காயத்தில் முழங்கையை மடக்க வைப்பது எங்களால் பெரும்பாலும் முடிகிற காரியம். தோளை வெளிப்புறம் திருப்ப வைப்பது அப்படி அல்ல. திருப்பும் தசைக்கு நரம்பு போய்ச் சேர்ந்தாலும், அதற்குள் மூட்டு இறுகியிருந்தால், அந்தத் தசை எதைத் திருப்பும்?

மூட்டு ஏன் இறுகுகிறது? வெளிப்புறம் திருப்பும் தசைகளுக்கு ஐந்து, ஆறாம் வேர்கள் மட்டுமே ஆதாரம். உட்புறம் திருப்பும் பெரிய தசைகளுக்கு, நெஞ்சுத் தசைக்கும் முதுகின் அகன்ற தசைக்கும், கீழ் வேர்களிலிருந்தும் நரம்பு வருகிறது. ஒரு பக்கம் இழுக்க ஆள் இருக்கிறது, மறுபக்கம் இல்லை. நெடுநாள் இதை மட்டுமே காரணமாகச் சொல்லி வந்தோம். அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் ரோஜர் கார்ன்வால் குழு 2011இலிருந்து குட்டி எலிகளில் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: நரம்பிழந்த தசை எலும்பின் வளர்ச்சிக்கு ஈடாக நீளமாக வளர்வதில்லை. குழந்தையின் எலும்பு வாரத்துக்கு வாரம் நீள்கிறது, சப்ஸ்கேபுலாரிஸ் பின்தங்குகிறது, மூட்டு உட்புறமாகப் பூட்டிக்கொள்கிறது. பிறந்த குழந்தையின் தோள்மூட்டு, அகல் விளக்கின் குழிவில் வைத்த நெல்லிக்காய் போன்றது; குழி ஆழமற்றது, இரண்டுமே இன்னும் குருத்தெலும்பு. உட்புறமாகப் பூட்டிய மேற்கை எலும்பின் தலை பின்னோக்கித் தள்ளப்படும்போது குழியின் பின்விளிம்பு தேய்ந்து சரிகிறது, தலை தட்டையாகிறது. இதற்குப் பல ஆண்டுகள் ஆகும் என்றுதான் நினைத்திருந்தோம். 2004இல் அமெரிக்காவின் டல்லாஸிலிருந்து மூக்கோகோவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பைக் கலைத்தது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிலேயே 8 சதவீதம் பேருக்குத் தோள் பின்புறமாக நழுவியிருந்தது. நழுவுவதற்கு அடையாளம், ஒரு மாதப் பரிசோதனைக்கும் அடுத்த மாதப் பரிசோதனைக்கும் இடையே வெளிப்புறத் திருப்பம் திடீரெனக் குறைவது.

திடீரெனக் குறைவதைக் கண்டுபிடிக்க மாதம் ஒருமுறை அளந்திருக்க வேண்டும். அளப்பது எளிது. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மேற்கையை விலாவோடு ஒட்டி, முழங்கையை 90 டிகிரி மடக்க வேண்டும். ஒரு கையால் தோள்பட்டை எலும்பு நகராதபடி அழுத்திக்கொண்டு, மறு கையால் முன்கையை மெல்ல வெளிப்புறமாகத் திருப்ப வேண்டும். தோள்பட்டையைப் பிடிக்காமல் திருப்பினால், தோள்பட்டையே நகர்ந்து பொய்யான கணக்குத் தரும். பலரும் தவறுவது அங்கேதான். நல்ல கையை முதலில் திருப்பிப் பார்த்துவிட்டு இதைப் பார்க்க வேண்டும். 60 டிகிரிக்குக் குறைந்தால் அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும் என்பதே 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டும் எல்லை. எக்ஸ்ரே இந்த வயதில் உதவாது, ஏனென்றால் எலும்பாகாத தலை அதில் தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற தாளோடு நழுவிய தோள் வருவதுண்டு. ஒரு கை மற்றதைவிடக் குட்டையாகத் தெரிவது, அக்குளுக்குப் பின்னால் கூடுதல் மடிப்பு, தோளின் பின்புறம் ஓர் உருண்டை தட்டுப்படுவது ஆகியவையும் அடையாளங்கள். தாய்மார்கள் இவற்றை எங்களுக்கு முன்பே கவனித்திருப்பார்கள், கேட்டால் சொல்வார்கள்.

சீக்கிரம் பிடித்தால் செய்யக்கூடியவை ஏராளம், பெரும்பாலானவை சிறியவை. முதல் ஆண்டில், உட்புறம் இழுக்கும் தசைகளில் பொட்டுலினம் ஊசி போட்டு அவற்றைச் சில மாதம் தளர்த்தி, நழுவிய தலையைக் குழியில் உட்கார வைத்து, கையை வெளிப்புறம் திருப்பி மூன்று நான்கு வாரம் மாவுக்கட்டுப் போடலாம். அது போதவில்லை என்றால், மூட்டின் முன்புறத்தைத் துளைவழியாகவோ திறந்தோ விடுவித்து, முதுகின் அகன்ற தசையின் நாணைப் பின்புறம் மாற்றிப் பொருத்தலாம். உட்புறம் இழுத்துக்கொண்டிருந்த தசை அப்போது வெளிப்புறம் இழுக்கும். நாண் மாற்று என்பது தமிழ்நாட்டுக்கு அந்நியமான கலை அல்ல. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தியது இந்தத் தத்துவத்தால்தான். இன்று சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைசிகிச்சைத் துறையும் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் இத்துறையில் பெயர்பெற்றவை. நாணைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமே, நரம்புக்காகவும் மூட்டுக்காகவும் கைக்குழந்தையில் ஏன் அவசரம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: நாண் மாற்று வேலை செய்ய உருண்டையான தலையும் அதற்கேற்ற குழியும் வேண்டும். தட்டையான மூட்டில் நல்ல நாணைப் பொருத்தினாலும் அது திரும்பாது. அந்த நிலையில் மிஞ்சுவது மேற்கை எலும்பை வெட்டித் திருப்பி வைப்பது மட்டுமே. அதனால் கை பயன்படும் திசைக்கு வரும். மூட்டு அப்படியே கெட்டுத்தான் இருக்கும்.

எதிர்த்திசையிலிருந்து வரும் ஓர் எச்சரிக்கையை நான் மிகவும் மதிக்கிறேன். வெளிப்புறத் திருப்பத்தையே துரத்தி அதிகமாக விடுவித்துவிட்டால், குழந்தையால் கையை வயிற்றுக்குக் கொண்டுவர முடியாமல் போகும். சட்டைப் பொத்தான் போடுவது, பாவாடை நாடா முடிவது, கால் கழுவிக்கொள்வது எல்லாமே உட்புறத் திருப்பத்தைக் கேட்கும் வேலைகள். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் பழக்கத்தில் அது இடது கையாக இருந்தால் இழப்பு இன்னும் பெரிது. வெளிநாட்டு மதிப்பெண் பட்டியல்கள் கையைத் தலைக்கு மேல் தூக்குவதற்கும் பிடரியைத் தொடுவதற்கும் நிறைய இடம் கொடுத்தன. நடுவயிற்றைத் தொடுவதைப் பின்னால்தான் சேர்த்தார்கள். ஆகவே சப்ஸ்கேபுலாரிஸை எவ்வளவு விடுவிப்பது, முழுவதும் அறுக்கலாமா நீட்டித்தால் போதுமா என்பதில் கை அடக்கம் வேண்டும். இதுவும் சீக்கிரம் பிடிப்பதற்கான காரணம்தான். இறுக்கம் சிறிதாக இருக்கும்போது விடுவிப்பும் சிறிதாகப் போதும். உட்புறத் திருப்பத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

மயக்க மருந்து பற்றிய பயத்தைப் பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப, மயக்கம் கொடுப்பது வளரும் மூளையைப் பாதிக்கக்கூடும் என்று 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு மயக்கம் ஐந்து வயதுச் சிந்தனைத் திறனைப் பாதிக்கவில்லை என்று 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. நரம்பு இணைப்பு மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற வேலை அல்ல. அந்த ஆறுதல் அதற்குப் பொருந்தாது. அதனால்தான் தேறக்கூடிய குழந்தையைத் தவறாக அறுவை மேசைக்கு அனுப்பாதபடி கணிப்பை இறுக்கிப் பிடிக்கிறோம். ஆனால் பொட்டுலினம், மாவுக்கட்டு என்ற அளவில் தோளைக் காப்பாற்றும் வேலை குறுகிய மயக்கத்தில் முடிகிறது. தாமதித்த தோளுக்கு இரண்டு மூன்று பெரிய அறுவைசிகிச்சைகளும் அத்தனை மயக்கங்களும் தேவைப்படலாம். பயத்தைத் தராசில் வைப்பதென்றால் இரண்டு தட்டையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் நடப்பதைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. கை தூக்காத குழந்தைக்கு உரம் விழுந்திருக்கிறது என்று சொல்லி, சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அன்பில் செய்கிறார்கள், அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அடிபட்ட நரம்புக்கு முதல் மூன்று வாரம் ஓய்வு வேண்டும். அதுவரை அந்தக் கையை இழுக்கவோ உருட்டவோ கூடாது. அதன் பிறகு, பாட்டி காலை நீட்டிக் குழந்தையைப் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் அந்த அரை மணி நேரத்தைவிட நல்ல பிசியோதெரபி நேரம் வேறு கிடையாது. ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: இரண்டு கையையும் மார்பின் குறுக்கே மடக்கி மடக்கி நீவுவது உட்புறத் திருப்பம், இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே அதிகமாக இருப்பது அதுதான். மேற்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முழங்கையை மடக்கி, முன்கையை வெளிப்புறமாகத் திருப்பிச் சில நொடிகள் நிறுத்த வேண்டும். பாட்டிமார்கள் ஒரே முறை காட்டினால் கற்றுக்கொள்கிறார்கள், மறப்பதில்லை. திருப்பும்போது நேற்றைவிட இன்று இறுகுகிறது என்று முதலில் உணர்வதும் அந்தக் கைகளே. அப்படிச் சொன்னால் அலட்சியம் செய்யாமல் அன்றே அளந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவையும் யார் செய்வது, சிறப்பு மருத்துவர்கள் நாலு ஊரில்தானே இருக்கிறார்கள் என்பது கடைசியாக வரும் மறுப்பு. அளப்பதற்குச் சிறப்பு மருத்துவர் வேண்டாம். நம் தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தை 6, 10, 14 வாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை மையத்துக்கோ வந்தே தீர்கிறது. நரம்பின் கணக்கும் தோளின் கணக்கும் கேட்கும் தேதிகள் ஏறத்தாழ இவையே. பிறக்கும்போது கை அசையவில்லை என்று குறிக்கப்பட்ட குழந்தைக்கு, ஊசி போடும் அதே மேசையில், தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு முன்கையை வெளிப்புறம் திருப்பிப் பார்த்து, எத்தனை டிகிரி என்று தாய்-சேய் அட்டையில் எழுத கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு நிமிடம் போதும். ஆறாம் வாரத்தில் கண்ணிமை தாழ்ந்து கை முழுவதும் துவண்டிருந்தால் உடனே அனுப்ப வேண்டும். பத்தாம் வாரத்தில் முழங்கை மடங்கத் தொடங்கவில்லை என்றால் மூன்றாம் மாதத்துக்குள் அறுவைசிகிச்சை மருத்துவர் பார்க்க நாள் வாங்க வேண்டும். எந்த வாரமானாலும் தோள் 60 டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ, சென்ற முறை எழுதியதைவிடச் சட்டெனக் குறைந்தாலோ, முழங்கை நன்றாக மடங்குகிறது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாமல் அந்த வாரமே அல்ட்ராசவுண்டுக்கு அனுப்ப வேண்டும்.